இம்ப்ளான்ட் சிகிச்சைக்கு பர்சனல் லோன் எடுக்கலாமா?

கேள்வி: நான் திருநம்பி. வயது 31. கோவையில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. கைக்கு 42,000 ரூபாய் வருகிறது. வாடகை, அம்மாவுக்கு அனுப்புவது எல்லாம் சேர்த்து 26,000 செலவாகிவிடும். 2,60,000 ரூபாய் எஃப்.டி. அடுத்த மாதம் முதிர்கிறது. விதைப்பை அமைக்கும் அறுவை சிகிச்சை சென்ற மாதம் முடிந்தது. ஆறு மாதம் போனால் அந்த விதைப்பைக்குள் சிலிகோன் இம்ப்ளான்ட் (செயற்கை விதை) வைக்கலாம் என்கிறார் மருத்துவர். மருத்துவமனை சொல்லும் தொகை 2,10,000. எஃப்.டி.யைத் தொடாமல் 16% வட்டியில் 2 லட்சம் பர்சனல் லோன் எடுக்கலாமா? என் ஹெல்த் பாலிசியில் பணம் கிடைக்குமா?

பதில்: லோன் வேண்டாம். மூன்று வருடத் தவணை என்றால் மாதம் சுமார் 7,030 ரூபாய் கட்டுவீர்கள். வட்டி மட்டும் 53,000 தாண்டும். இதைவிட என்னை யோசிக்க வைப்பது வேறொன்று. இந்த இம்ப்ளான்டில் தொற்று வரலாம், இடம் நகரலாம், தோலைத் துளைத்து வெளியே வரவும் செய்யலாம். அப்படியானால் எடுத்துவிட்டு, புண் ஆறச் சில மாதங்கள் காத்திருந்து மறுபடி வைக்க வேண்டும். முதல் லோனின் தவணை ஓடும்போதே இரண்டாவது செலவும் வந்தால் 42,000 சம்பளம் தாங்காது.

உங்களிடம் மாதம் 16,000 மிஞ்சுகிறது. ஆறு மாதத்துக்குப் பதில் பத்து மாதம் பொறுத்தால் 1,60,000 சேரும். எஃப்.டி. முதிர்ந்ததும் 52,000 வீதம் ஐந்தாகப் பிரித்துப் போடுங்கள். ஒன்றை மட்டும் உடைத்தால் சிகிச்சைத் தொகை சரியாகிவிடும். மீதி நான்கில் 2,08,000 இருக்கும். மறுபடி செய்ய நேர்ந்தால் அதுதான் உங்கள் கைப்பணம். தள்ளிப்போடுவதில் உடலுக்கு ஏதும் பாதகம் உண்டா என்று மருத்துவரிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். இத்தனை தூரம் வந்தவருக்கு இன்னும் நான்கு மாதம் என்பது லேசான விஷயமல்ல, தெரிகிறது. இருந்தாலும் கடனில்லாமல் செய்துகொள்ளும் வழி உங்கள் கையிலேயே இருக்கிறது. புகைப்பழக்கம் இருந்தால் இப்போதே விடுங்கள். தொற்று அபாயத்தைக் கூட்டும் முக்கியக் காரணங்களில் அது ஒன்று.

காப்பீட்டுக்கு வருவோம். பாலிசிப் பத்திரத்தில் நிரந்தர விலக்குகள் பகுதியில் 'எக்ஸ்க்ளூஷன் 07' என்று இருக்கிறதா பாருங்கள். பாலின மாற்றச் சிகிச்சைகளுக்குப் பணம் இல்லை என்பதே அந்தப் பிரிவு. தனிநபர் பாலிசிகளில் பெரும்பாலும் இருக்கும். பின்னால் வரும் தொற்றுக்கான செலவையும் அதே காரணம் காட்டி மறுக்கக்கூடும். ஆனால் சில நிறுவனங்களின் குழுக் காப்பீட்டில் இதைச் சேர்த்திருக்கிறார்கள், உங்கள் எச்.ஆரிடம் பாலிசி விவரத்தை எழுத்தில் கேளுங்கள்.

லோனுக்கு அலைவதற்கு முன் அரசு வழியைப் பாருங்கள். திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 15, இத்தகைய சிகிச்சைகளுக்கான காப்பீட்டை அரசின் கடமையாகவே சொல்கிறது. அதையொட்டி 2022-ல் திருநர்களுக்கான 'ஆயுஷ்மான் பாரத் டிஜி பிளஸ்' காப்பீட்டுத் திட்டத்துக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது. வருடத்துக்கு 5 லட்சம் வரை காப்பீடு. தேசியத் திருநர் இணையதளம் வழியாக மாவட்ட ஆட்சியர் தரும் சான்றிதழ் அவசியம். உங்கள் மருத்துவமனை அந்தத் திட்டப் பட்டியலில் இருக்கிறதா, இம்ப்ளான்டுக்கு முன் அனுமதி வாங்கித் தருவார்களா என்று காப்பீட்டு உதவி மேசையில் விசாரியுங்கள். சான்றிதழ், ஆதார், பான், வங்கிக் கணக்கு நான்கிலும் பெயர் ஒன்றாக இல்லாவிட்டால் கிளெய்ம் அங்கேயே நின்றுவிடலாம். இந்தப் பத்து மாதத்தில் முதல் வேலையாக அதைச் சரிசெய்யுங்கள்.

2,10,000 என்ற தொகையில் இரண்டு இம்ப்ளான்ட், மயக்க மருந்து, அறை வாடகை, பின்பரிசோதனை எல்லாம் அடக்கமா என்று எழுத்தில் வாங்குங்கள். தொற்று வந்து எடுக்க நேர்ந்தால் கட்டணம் எவ்வளவு என்பதும் அதில் இருக்கட்டும். பெட்டியோடு வரும் ஸ்டிக்கரில் நிறுவனப் பெயரும் தொகுப்பு எண்ணும் இருக்கும். அதை பில்லோடு பத்திரப்படுத்துங்கள். இம்ப்ளான்டிலேயே குறை என்றால் நிறுவனத்திடம் மாற்றுக் கேட்க அதுதான் ஆதாரம்.