அட்டிலாவுக்கு விற்ற இரும்பைப் பாதியில் திரும்பப் பெற முடியுமா?

கேள்வி: சிவிலைசேஷன் 5 என்ற கணினி ஆட்டம் ஆடுகிறேன் (பிரேவ் நியூ வேர்ல்டு விரிவாக்கம், ஸ்டாண்டர்டு வேகம்). டர்னுக்கு (ஆட்டச் சுற்றுக்கு) இவ்வளவு தங்கம் என்று பேசி, என்னிடமிருந்த நான்கு இரும்பையும் கணினி ஆடும் தலைவன் அட்டிலாவுக்கு விற்றுவிட்டேன். ஓப்பன் பார்டர்ஸும் (என் எல்லைக்குள் படை நுழைய அனுமதி) கொடுத்தேன். இப்போது அவன் படை என் நகரங்களைச் சுற்றியே நிற்கிறது. வாள்வீரர்களை உருவாக்க இரும்பு இல்லை. இந்த டீல்களை எப்படி ரத்து செய்வது?

பதில்: ரத்து செய்ய முடியாது. அதற்கான பட்டனே இந்த ஆட்டத்தில் கிடையாது. ஸ்டாண்டர்டு வேகத்தில் ஒரு டீல் 30 டர்ன் ஓடும். அது முடிய வேண்டும், இல்லாவிட்டால் போர் வர வேண்டும்.

2005-ல் வந்த நான்காம் பாகத்தில் 10 டர்ன் கழிந்ததும் டீலை நாமே முறித்துக்கொள்ளலாம். 2010-ல் ஐந்தாம் பாகத்தில் அதை எடுத்துவிட்டார்கள். 2016-ல் வந்த ஆறாவதிலும் திருப்பித் தரவில்லை. நன்றாக இருந்த ஒரு வசதியை ஏன் பிடுங்கினார்கள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. உங்களைப் போல எத்தனையோ பேர் இதில்தான் மாட்டுகிறார்கள்.

சரி, முதலில் டிப்ளமசி ஓவர்வியூவைத் திறந்து, டீல் ஹிஸ்டரியில் நடப்பு டீல்களைப் பாருங்கள். முடிய ஐந்தாறு டர்ன்தான் இருக்கிறது என்றால் பொறுத்திருங்கள். முடிந்ததும் அதே டீலைப் புதுப்பிக்கச் சொல்லி அட்டிலாவே வந்து நிற்பான். கைப்பழக்கத்தில் சம்மதம் கொடுத்தால் இன்னொரு 30 டர்ன் போய்விடும்.

"போரை அறிவி, எல்லா டீலும் அந்த நொடியே ரத்து" என்று பலர் சொல்லித்தருவார்கள். அது உண்மைதான். ஆனால் இரும்போடு மற்றதும் சேர்ந்து போகும். அவன் தந்துவந்த தங்கம் நிற்கும். ரிசர்ச் அக்ரிமென்ட் (கூட்டு ஆராய்ச்சி ஒப்பந்தம்) போட்டிருந்தால் அதில் கட்டிய தங்கம் திரும்பாது. மற்றவர்களோடு செய்த டிஃபென்சிவ் பேக்டும் (பாதுகாப்பு ஒப்பந்தமும்) முறிந்துவிடும். நட்பு அறிவித்தவன் மேலேயே பாய்ந்தால் துரோகி என்ற பெயர் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் நல்ல விலைக்கு யாரும் எதையும் வாங்கமாட்டார்கள்.

இதைவிட மோசமானது இடையில் புகுகிற மூன்றாம் ஆள். "அட்டிலா மேல் போர் தொடு, தங்கம் தருகிறேன்" என்று வேறொரு தலைவன் வருவான். அவன் சண்டையை உங்கள் தலையில் கட்டுகிறான், அவ்வளவுதான். ஆட்டத்துக்கு வெளியிலும் இப்படிப்பட்டவர்கள் உண்டு. டீலை ரத்து செய்யும் மாட் (ஆட்டத்தை மாற்றும் கூடுதல் நிரல்) என்று சொல்லி ஒருவர் காசு கேட்டதாக எனக்குத் தெரிந்த பையன் ஒருவன் வந்து சொன்னான். மாட்கள் ஸ்டீம் ஒர்க்ஷாப்பில் இலவசமாகவே கிடைக்கின்றன. மாட் போட்டு ஆடினால் அச்சீவ்மென்ட்ஸும் பதிவாகாது. ஒரு பைசா கொடுக்காதீர்கள்.

ஒரே ஒரு விலக்கு உண்டு. போரை அட்டிலாவே அறிவித்தால் டீல்கள் எல்லாம் முறியும், பழி உங்கள் மேல் வராது. நான்கு இரும்பும் அதே டர்னில் உங்கள் கைக்கு வந்துவிடும். போரைத் தொடங்கியவன் அவன், அதனால் மற்ற தலைவர்களின் கோபமும் அவன் மேல்தான். அட்டிலா, ஷாகா, மாண்டெசூமா மாதிரி ஆட்கள் இதை அடிக்கடி செய்வார்கள். உங்கள் நிலைமையில் இது நடக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. அதனால் அவசரப்பட்டு நீங்கள் முந்திக்கொள்ள வேண்டாம். அவன் வந்தால் தாங்குகிற அளவுக்குத் தயாராக இருந்தால் போதும்.

அதற்கு இரும்பே தேவையில்லை. ஈட்டிவீரர்களான பைக்மேனுக்கும் வில்வீரர்களான கிராஸ்போமேனுக்கும் எந்த வளமும் வேண்டாம். சிவில் சர்வீஸ், மெஷினரி என்ற இரண்டு தொழில்நுட்பங்களையும் படித்திருந்தால் இப்போதே உருவாக்குங்கள். நகரங்களுக்கு மதில் கட்டுங்கள். பக்கத்தில் இரும்புள்ள சிட்டி ஸ்டேட் (ஒற்றை நகர நாடு) இருந்தால், செல்வாக்கை 60-க்கு உயர்த்தி மற்றவர்களை முந்திவிட்டால் அது உங்கள் கூட்டாளியாகி இரும்பையும் தரும்.

அடுத்த முறை நான்கையும் ஒரே டீலில் விற்காதீர்கள். இரண்டு இன்று, இரண்டு பத்து டர்ன் கழித்து என்று பிரித்து விற்றால் ஏதாவது ஒன்று சீக்கிரம் கைக்குத் திரும்பும்.

ஓப்பன் பார்டர்ஸ் முடிகிற டர்னில் அவன் படை தானாகவே உங்கள் எல்லைக்கு வெளியே தள்ளப்படும். அதற்கு முன்பே உங்கள் கிராஸ்போமேன்கள் அவனுக்குப் பக்கத்திலுள்ள உங்கள் நகரத்தில் போய் நிற்கட்டும்.