பொதுப்பட்டியலில் யார் கை ஓங்கும்?

கேள்வி: விலங்கு வதைத் தடுப்பு, கல்வி இரண்டுமே பொதுப்பட்டியலில் உள்ளவை. அப்படியிருக்க, ஜல்லிக்கட்டுக்காகத் தமிழ்நாடு இயற்றிய சட்டம் நிலைத்திருக்கிறது. நீட் விலக்கு மசோதா மட்டும் சட்டமாகாமல் போனது ஏன்?
– வாசகர் ஒருவர், திண்டுக்கல்

பதில்: பொதுப்பட்டியல் என்பது ஒன்றியமும் மாநிலமும் சட்டம் இயற்றக்கூடிய துறைகளின் பட்டியல் என்றதும், இரு அரசுகளுக்கும் அதில் சம உரிமை என்று நினைத்துவிடுகிறோம். அரசமைப்பின் 254ஆவது பிரிவு அப்படிச் சொல்லவில்லை. மாநிலச் சட்டமும் நாடாளுமன்றச் சட்டமும் முரண்பட்டால், முரண்படும் அளவுக்கு மாநிலச் சட்டம் செல்லாது. எது முந்தியது என்பது பொருட்டல்ல. ஒரே விலக்கு, குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்ற சட்டம் அந்த மாநிலத்துக்குள் செல்லும் என்பதுதான். அவரோ ஒன்றிய அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடப்பவர். ஆக, நாடாளுமன்றச் சட்டத்திலிருந்து மாநிலம் விலகலாமா என்பதை டெல்லியே முடிவு செய்கிறது.

1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தில் ஜல்லிக்கட்டுக்காகத் தமிழ்நாடு 2017 ஜனவரியில் செய்த திருத்தத்துக்கு அந்த மாத இறுதிக்குள் ஒப்புதல் வந்துவிட்டது. 2023இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வும் அது செல்லும் என்றது. நீட் விலக்கு மசோதாவோ 2021 செப்டம்பரில் நிறைவேறி, ஆளுநர் திருப்பி அனுப்பியதால் 2022 பிப்ரவரியில் மறுபடி நிறைவேறி, டெல்லி சென்றது. ஒப்புதல் மறுக்கப்பட்டதை முதலமைச்சர் பேரவையில் அறிவித்தது 2025 ஏப்ரலில்.

ஒப்புதல் கிடைத்தாலும் அது நிரந்தரக் காப்பு அல்ல. நுழைவுத் தேர்வை நீக்கி, பிளஸ் டூ மதிப்பெண்ணே போதும் என்று வகுத்த தமிழ்நாட்டுச் சட்டம் 2007இல் முறையாக ஒப்புதல் பெற்றது. சென்னை உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. 2016 வரை நம் மருத்துவக் கல்லூரிச் சேர்க்கை அதன்படியே நடந்தது. அந்த ஆண்டு நாடாளுமன்றம் இந்திய மருத்துவக் கழகச் சட்டத்தைத் திருத்தி நீட்டைக் கட்டாயமாக்கியதும், மருத்துவத்தைப் பொறுத்தவரை அந்தச் சட்டம் பயனற்றுப் போயிற்று. ஒப்புதல் பெற்ற மாநிலச் சட்டத்தையும் மீறி நாடாளுமன்றம் பின்னாளில் சட்டம் இயற்றலாம் என்று அதே 254ஆவது பிரிவு இடம் தருகிறது. நீட் விவாதங்களில் இது ஏனோ அதிகம் பேசப்படுவதில்லை.

கல்வி முன்பு மாநிலப் பட்டியலில்தான் இருந்தது. நெருக்கடி நிலையின்போது நிறைவேறிய 42ஆவது திருத்தம் 1977 ஜனவரி முதல் அதைக் காடு, எடை அளவு போன்றவற்றுடன் பொதுப்பட்டியலுக்கு மாற்றியது. திரும்பக் கேட்பது நியாயமே. ஆனால் உயர்கல்வியின் தரத்தை நிர்ணயிப்பது தொடக்கத்திலிருந்தே, நாடாளுமன்றம் மட்டுமே சட்டம் இயற்றக்கூடிய ஒன்றியப் பட்டியலின் 66ஆவது இனம். கல்வி மாநிலத்துக்குத் திரும்பினாலும், சேர்க்கைத் தேர்வு அந்தத் தரத்தில் அடங்குமா என்ற வழக்கு எழாமல் இருக்காது.