மே மாதம் கண்மாயில் பறவை இருக்குமா?

கேள்வி: ராமநாதபுரத்துக்குப் பக்கத்தில் என் சின்னம்மா வீடு கண்மாய்க் கரையை ஒட்டியே இருக்கிறது. பொங்கலுக்குப் போனபோது கருவேல மரமெல்லாம் வெள்ளை வெளேரென்று நாரைகள். அதைப் பார்த்ததிலிருந்து எட்டு வயதிலும் பதினொரு வயதிலும் இருக்கும் என் பிள்ளைகள் இரண்டு பேரும் பறவைப் பேச்சாகவே இருக்கிறார்கள். மே மாதம் பத்து நாள் அங்கே தங்கப் போகிறோம். என்ன பார்க்கலாம், எங்கே போகலாம், எந்த பைனாகுலர் வாங்கலாம்? (ஒரு வாசகி, மதுரை)

பிள்ளைகளிடம் முதலிலேயே ஒன்றைச் சொல்லிக் கூட்டிப் போங்கள். பொங்கலுக்குப் பார்த்த கூட்டம் மே மாதம் இருக்காது. ராமநாதபுரம் கண்மாய்கள் ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி இருப்பவை. உள்வாயில் தண்ணீர் நிற்கிற வரைக்கும்தான் அதில் மூழ்கி நிற்கிற கருவேல மரங்களுக்குப் பாதுகாப்பு, நாயோ நரியோ நெருங்க முடியாது, அந்த தைரியத்தில்தான் மஞ்சள்மூக்கு நாரையும் கூழைக்கடாவும் கரண்டிவாயனும் அங்கே கூடு கட்டுகின்றன. பங்குனி, சித்திரைக்குள் குஞ்சுகள் பறக்கத் தொடங்கும், தண்ணீரும் அடிமட்டத்துக்குப் போய்விடும், அதோடு அவையும் கிளம்பிவிடும். முதுகுளத்தூர் பக்கத்துச் சித்திரங்குடியும் கஞ்சிரங்குளமும் உலக முக்கியத்துவம் வாய்ந்த நீர்நிலைகளின் ராம்சார் பட்டியலில் 2022-ல் சேர்ந்தவை, சக்கரக்கோட்டையும் தேர்த்தங்கலும் 2025-ல் சேர்ந்தவை, சாயல்குடிப் பக்கம் மேல்செல்வனூர்-கீழ்செல்வனூர் என்று சேர்த்துச் சொல்கிற சரணாலயம் இவை எல்லாவற்றையும்விடப் பெரியது. பேர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் மே மாதத்தில் இந்த ஐந்துக்கும் ஒரே கணக்குதான். "உலகப் புகழ் பெற்ற சரணாலயம்" என்று படித்துவிட்டுக் கத்திரி வெயிலில் கார் எடுத்துக்கொண்டு போய், வெடித்த தரையையும் காலிக் கூடுகளையும் பார்த்துவிட்டுத் திரும்பும் குடும்பங்களை நான் ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன்.

ஆனால் கோடையில் இங்கே பறவையே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தண்ணீர் எங்கே மிச்சமிருக்கிறதோ அங்கே போங்கள், அவ்வளவுதான் சூத்திரம். கண்மாயில் கடைசியாகத் தண்ணீர் கிடப்பது மடைப்பக்கம், ஆழமான குழிகளில். மழை நன்றாகப் பெய்த வருடமென்றால் மே முதல் வாரம் வரைகூட அங்கே முழங்கால் அளவு கிடக்கும். அத்தனை மீனும் அந்தக் குட்டைக்குள் அடைந்து கிடப்பதால், மிச்சமிருக்கிற நாரைகளுக்கு அது பந்தி. அதுமாதிரி ஒரு குட்டை கிடைத்தால் பத்து இடம் அலைய வேண்டாம், கரையில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்துவிடுங்கள்.

உட்கார்ந்த பிறகு அலகைப் பார்க்கச் சொல்லுங்கள். பறவையின் பேர் பிறகு வரட்டும். மஞ்சள்மூக்கு நாரை பாதி திறந்த அலகைத் தண்ணீருக்குள் விட்டு, ஒரு காலால் சேற்றைக் கலக்கிக்கொண்டே மெதுவாக நடக்கும். அது மீனைக் கண்ணால் தேடுவதில்லை, கலங்கி ஓடும் மீன் அலகில் பட்ட மாத்திரத்தில் டக்கென்று மூடிவிடும். கரண்டிவாயன் அரிவாள் வீசுகிற மாதிரி இடமும் வலமுமாகத் தலையை ஆட்டும். நத்தைக்கொத்தி நாரைக்கு வாயை மூடினாலும் நடுவில் ஒரு இடைவெளி தெரியும், நத்தையைப் பிடிக்க வந்த அமைப்பு அது. கொக்கு மட்டும் அசையாமல் நின்று குறி பார்க்கும். ஒரே குட்டை, நாலு விதமான சாப்பாட்டு முறை. உங்கள் பெரிய பிள்ளைக்கு இதை வரையச் சொல்லி ஒரு நோட்டு கொடுத்தால் ஒரு காலைப் பொழுது போவது தெரியாது.

நேரம் முக்கியம். மே மாதம் அங்கே ஆறு மணிக்கு முன்பே விடிந்துவிடும். வெளிச்சம் வருகிறபோது நீங்கள் கரையில் இருக்க வேண்டும், எட்டரைக்கு வீடு திரும்பிவிட வேண்டும். பிள்ளைகளுக்கு வெயில் ஆகாது என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. ஒன்பது மணிக்கு மேல் தரை சூடேறிக் கானல் எழும்பிவிடும், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லென்ஸாக இருந்தாலும் பறவை தண்ணீருக்குள் ஆடுகிற மாதிரிதான் தெரியும். சாயங்காலம் நாலரைக்கு மேல் மறுபடி போகலாம். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிற கரையாகப் பார்த்து நில்லுங்கள், இல்லாவிட்டால் எல்லாம் கறுப்பு நிழல்தான்.

கண்மாய் சுத்தமாகக் காய்ந்துவிட்டதென்றால் கடல் பக்கம் வாருங்கள், கோடையில் எனக்குப் பிடித்ததும் அதுதான். உச்சிப்புளியிலிருந்து போகிற ஆற்றங்கரை முகத்துவாரம் முதல் இடம். ராமநாதபுரம் பெரிய கண்மாயில் நிறைந்து மிஞ்சுகிற வைகைத் தண்ணீர் பாக் நீரிணையில் சேர்கிற இடம் அது. கடல் வற்றியிருக்கும் நேரத்தில் சேற்றுத் திட்டு வெளியே தெரியும், அதில் சின்னச் சின்ன உப்புக்கொத்திகளும் உள்ளான்களும் ஓடிக்கொண்டிருக்கும். "வலசைப் பறவைகள் எல்லாம் வடக்கே போயிருக்குமே" என்று கேட்பீர்கள். பெரும்பாலானவை போயிருக்கும். ஆனால் முட்டையிடும் வயதுக்கு வராத இளசுகளில் பல, சைபீரியா வரை பறந்து என்ன செய்வதென்று கோடையையும் மன்னார் வளைகுடாவிலேயே கழிக்கின்றன. மண்டபத்துக்கு எதிரே இருக்கிற மனோலித் தீவு இப்படிப்பட்ட பறவைகளுக்குப் பேர் போனது. பாம்பே இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் இந்தப் பகுதியில் வளையம் மாட்டிப் பறவைகளை ஆராய்ந்திருக்கிறார்கள். காலில் வளையமோ, எழுத்து போட்ட சின்ன வண்ணக் கொடியோ உள்ள பறவை உங்கள் கண்ணில் பட்டால் எழுத்து தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து அவர்களுக்கு அனுப்புங்கள். அந்தப் பறவை எங்கே பிடித்து விடப்பட்டது என்று பதில் வந்தால், அதைவிடப் பெரிய பரிசு அந்த வயதில் கிடையாது.

அப்புறம் தனுஷ்கோடி. கோதண்டராமர் கோயில் போகிற வழியில் இரண்டு பக்கமும் பரந்து கிடக்கிற ஆழமில்லாத கழியில் பூநாரை தேடுவார்கள் எல்லாரும். 2025 ஜூனில் இந்தப் பகுதியைப் பூநாரைச் சரணாலயமாகவே அறிவித்திருக்கிறார்கள். பூநாரையின் பருவம் குளிர்காலமும் அதை ஒட்டிய மாதங்களும்தான், மே மாதம் சில நிற்கலாம், நிற்காமலும் போகலாம், அதை நம்பிப் பயணத்தை அமைக்க வேண்டாம். நான் உங்களைத் தனுஷ்கோடிக்குப் போகச் சொல்வது வேறொரு பறவைக்காக.

சிட்டுக்குருவி அளவுதான் இருக்கும், மணல் நிறம், வெள்ளை வயிறு, மணலில் பொம்மைக்குச் சாவி கொடுத்த மாதிரி ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். இதை ரொம்ப நாளாகக் குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வருகிற கெண்டிஷ் உப்புக்கொத்தியோடு சேர்த்துத்தான் எண்ணிக்கொண்டிருந்தார்கள். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வருடம் முழுக்கத் தங்கி இங்கேயே முட்டையிடுகிறவை தனி இனம் என்று 2023-ல் பிரித்தார்கள். இரண்டு கரைக்கும் சொந்தமான பறவை என்பதால் ஆங்கிலத்தில் 'ஹனுமான் ப்ளோவர்' என்றே பேர். அனுமான் பாலம் கட்டிய கதை நடக்கிற அதே கரையில் நின்று பிள்ளைகளுக்கு அதைக் காட்டலாம், வேறு எந்த ஊரில் இந்த வாய்ப்பு கிடைக்கும்!

இதில்தான் நீங்கள் கவனமாக இருக்க வேண்டும். இந்தப் பறவையும் சிறு ஆலாவும் கூடு என்று எதுவும் கட்டாது. வெறும் மணலில் உள்ளங்கை அளவு ஒரு குழி, சுற்றி நாலு கிளிஞ்சல் துண்டு, நடுவில் மணல் நிறத்தில் கறுப்புக் கிறுக்கல் போட்ட இரண்டோ மூன்றோ முட்டை. பல வருடத்துக்கு முன் ஒரு முறை அப்படி ஒரு குழியைக் கண்டுபிடித்துவிட்டு சந்தோஷத்தில் படம் எடுத்துக்கொண்டே நின்றேன். தாய்ப்பறவை ஏழெட்டு அடி தள்ளி இறக்கை உடைந்த மாதிரி இழுத்து இழுத்து நடந்துகொண்டிருந்தது. நான் அதையும் படம் எடுத்தேன். பிறகுதான் காலடி மணலின் சூடு செருப்பைத் தாண்டி உறைத்தது, அந்த முட்டை கிடப்பதும் அதே மணலில்தானே என்று அப்போதுதான் மனதில் பட்டது. வெயில் நேரத்தில் அந்தப் பறவை முட்டைமேல் உட்காருவது சூடு கொடுக்க அல்ல, நிழல் கொடுக்க. தண்ணீரில் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு ஓடிவந்து முட்டையைக் குளிர்விக்கும். நாம் அங்கே நிற்கிற ஒவ்வொரு நிமிடமும் முட்டை வேகிறது. அன்றைக்கு நான் தள்ளிப்போய்த் திரும்பிப் பார்த்தபோது அது உடனே ஓடிவந்து உட்கார்ந்துவிட்டது, அந்தக் காட்சி இன்னும் கண்ணில் இருக்கிறது.

அதனால் மணலில் ஒரு பறவை உங்களைச் சுற்றிக் கத்தினாலோ நொண்டினாலோ வந்த வழியே, உங்கள் காலடித் தடத்திலேயே பின்வாங்கிவிடுங்கள். வண்டியை மணலில் இறக்கச் சொல்லாதீர்கள், ஜீப்காரர் "ஒண்ணும் ஆகாது" என்று சொன்னாலும் வேண்டாம். காய்ந்த கண்மாய் உள்வாயில் ஆக்காட்டியும் இப்படித்தான் கட்டாந்தரையில் முட்டையிடும், சின்னம்மா வீட்டுப் பக்கமே பார்ப்பீர்கள், அதற்கும் இதே மரியாதை. வாலிநோக்கம் உப்பளப் பக்கம் போனால் பாத்தி வரப்பில் பவளக்கால் உள்ளான் இருக்கும். உப்பளத்துக்குள் போக அனுமதி கேட்க வேண்டும், சாலையிலிருந்து பார்த்தாலே போதுமான அளவு தெரியும்.

பறவை தவிர வேறென்ன என்றால், பிள்ளைகளைக் காரங்காட்டுக்குக் கூட்டிப் போங்கள். தேவிபட்டினத்திலிருந்து தொண்டி போகிற கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது, வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுகிறார்கள். ஒரு கை மட்டும் உடம்பு அளவுக்குப் பெருத்த நண்டு அந்தக் கையை ஆட்டி ஆட்டிக் கூப்பிடுவதையும், சேற்றின்மேல் தாவித் திரிகிற மீனையும் பார்த்தால் சின்னவர் திரும்பி வர மாட்டார். பாக் நீரிணைப் பக்கம் என்பதால் மே மாதத்திலும் தண்ணீர் அமைதியாக இருக்கும், இந்தப் பக்கத்தைப் பெண்கடல் என்றே சொல்வார்கள். மன்னார் வளைகுடாப் பக்கம் ஆண்கடல், தென்மேற்கிலிருந்து அடிக்கிற கச்சான் காற்று பிடித்துவிட்டால் குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுக்குப் படகு போவது சந்தேகம், போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள். மற்ற தீவுகளுக்கு யாராவது படகுக்காரர் "நான் கூட்டிப் போறேன்" என்றால் சம்மதிக்காதீர்கள். 21 தீவுகளும் கடல்வாழ் தேசியப் பூங்காவுக்குள் வருபவை, அனுமதி இல்லாமல் கால் வைப்பது குற்றம். ஓங்கில் என்கிற டால்பின் எப்போதாவது கரையோரம் துள்ளும், கடற்பசுவைப் பார்ப்பது மட்டும் நடக்கிற காரியமில்லை. பங்குனி ஆமை முட்டையிடும் காலம் முடிந்திருக்கும். தனுஷ்கோடி வனத்துறைப் பொரிப்பகத்தில் கடைசிக் குஞ்சுகளைக் கடலில் விடுவது நீங்கள் போகும் நாளில் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

பைனாகுலர் 8x42 போதும். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர். கடைக்காரர் பத்து மடங்கைக் காட்டி இதுதான் சிறந்தது என்பார், பிள்ளைகள் கையில் அது நடுங்கிக்கொண்டே இருக்கும், வேண்டாம். எடை அதிகம் என்று சின்னவர் சொன்னால் அவருக்கு 8x32. ஃபோனில் மெர்லின் செயலி போட்டுக்கொள்ளுங்கள், அடையாளம் காண உதவும். ஆனால் அதில் இருக்கிற பறவைக் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்காதீர்கள், கூடு இருக்கிற பறவை குழம்பிப்போய் வேலையை விட்டுவிட்டு வரும். காலுக்கு ஷூ கட்டாயம், கரையில் விரியன் உண்டு. கழியிலும் கண்மாயிலும் மேலே காய்ந்த மாதிரி தெரிகிற சேறு உள்ளே இளகிக் கிடக்கும், பிள்ளைகளை இறங்கவிடாதீர்கள். தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனையில் குளிக்கவே கூடாது, இழுவை பலமாக இருக்கும்.

மத்தியானத்தில் எங்கும் போக முடியாதபோது நுங்கு வெட்டுகிற இடத்துக்குப் போய் நுங்கைச் சாப்பிட்டுக்கொண்டே அண்ணாந்து பாருங்கள். பனைமரத்தில் தொங்குகிற காய்ந்த ஓலைக்கு அடிப்பக்கம் எச்சிலால் இறகை ஒட்டி வைத்துக் கூடு கட்டியிருக்கும் பனை உழவாரன், விசுக் விசுக்கென்று வளைந்து வந்து ஓலைக்குள் நுழையும். பிள்ளைகள் எண்ணிக் கொண்டிருக்கட்டும்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் சின்னம்மாவுக்கு ஒரு போன் போட்டு, கண்மாயில் ஆடு மேய்க்கிறவர் யாரிடமாவது மடைப்பக்கம் தண்ணீர் எவ்வளவு கிடக்கிறது என்று கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள். முழங்கால் அளவு என்றால் முதல் நான்கு காலையும் கண்மாய்க்கே. காய்ந்துவிட்டது என்றால் முதல் நாளே ஆற்றங்கரைக்குப் போய்விடுங்கள்.