பிரெஞ்சு ஹார்ன் கற்பதற்கு முன் டிரம்பெட் பழக வேண்டுமா?

நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், டிரம்பெட் பழகிவிட்டுத்தான் பிரெஞ்சு ஹார்ன் என்னும் சுருண்ட பித்தளை ஊதுகருவியைத் தொட வேண்டும் என்று யாரோ உங்களைப் பயமுறுத்தியிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. அதற்கு அவசியமே இல்லை. ஹார்னுக்கு முதலில் பழக வேண்டியது காது. அதை டிரம்பெட்டைக் காட்டிலும் வாய்ப்பாட்டு நன்றாகப் பழக்கும்.

எஃப் (F) சுரத்தை அடிப்படையாகக் கொண்ட ஹார்னின் குழாயை நீட்டினால் ஏறத்தாழ 12 அடி வரும். டிரம்பெட்டுக்குச் சுமார் நாலரை அடிதான். குழாய் நீளமாக இருப்பதால் அதன் அடிப்படைச் சுரம் மிகவும் கீழே அமைந்துவிடுகிறது. நாம் பெரும்பாலும் ஊதுவது அதற்கு மேலே எழும் சுரங்களை. காற்று செல்லும் வழியை மாற்றும் வால்வு எதையும் அழுத்தாமல், உதட்டாலும் மூச்சாலும் மட்டுமே ச, ப, மேல் ச, க, ப என்று ஏறலாம். இன்னும் மேலே போனால் ச, ரி, க என்று அடுத்தடுத்த சுரங்களே நெருங்கி நிற்கும். விரல் சரியாக இருந்தும் பக்கத்துச் சுரம் ஒலித்துவிடுவது இதனால்தான்.

சிங்கப்பூரில் உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது, இணைப்பாட நடவடிக்கையாக இசைக்குழுவில் சேர்ந்து இந்தக் கருவியைக் கற்றேன். எங்கள் பயிற்றுநர் ஹார்னை மடியில் வைத்துக்கொண்டு வரியை முதலில் பாடச் சொல்வார். அடுத்து ஊதும் முனையான மவுத்பீஸை மட்டும் உதட்டில் வைத்து அதே சுரங்களை அதிரவைக்கச் சொல்வார். அதன் பிறகுதான் ஹார்னை எடுக்க விடுவார். சிறுவயதில் சரளி வரிசை பாடியது எனக்கு அங்கே பெரிதும் கைகொடுத்தது. கர்நாடக இசையை ஏன் இதில் இழுக்கிறீர்கள் என்று சிலர் கேட்கலாம். ஹார்னில் கமகம் ஊதுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஊதுவதற்கு முன்பே சுரத்தை மனதில் பிடித்து நிறுத்தும் பழக்கத்தைத்தான் சொல்கிறேன்.

வலது கையைக் கருவியின் அகன்ற வாய்க்குள் வைப்பதையும் முதல் நாளிலிருந்தே பழகுங்கள். விரல்கள் சேர்ந்து நிமிர்ந்திருக்க, புறங்கை உலோகத்தில் படிய வேண்டும். உள்ளங்கையைச் சற்றே மூடினாலும் சுரம் இறங்குவது உங்களுக்கே கேட்கும். இசையமைப்பாளர் மொட்சார்ட், ஹார்ன் முன்னின்று இசைக்குழுவோடு வாசிக்கும் தம் கான்செர்ட்டோக்களை எழுதிய காலத்தில் வால்வுகளே கிடையாது. இயல்பாக எழாத சுரங்களைக் கலைஞர்கள் இந்தக் கையால்தான் வரவழைத்தார்கள்.

ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் பள்ளி இசைக்குழுவில் கேட்டவர்களுக்கெல்லாம் சாக்ஸபோனும் டிரம்பெட்டும் கொடுத்தது போக, மிஞ்சியவர்கள் கையில்தான் ஹார்னைக் கொடுத்தார்கள். அணிவகுப்பு இசையில் தாளத்தின் இடைவெளிகளை நிரப்பும் வேலையை மட்டும் எங்களுக்கு ஒதுக்கிவிட்டு, மேடையில் ஒரு சுரம் உடைந்தால் மொத்தக் குழுவும் திரும்பிப் பார்க்கும். அது எனக்கு இன்றும் ஆறவில்லை. தேர்ந்த கலைஞர்களுக்கும் இந்தக் கருவியில் சுரம் உடையும். அதை வைத்து உங்களுக்குத் திறமையில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

தொடக்கத்திலேயே விலை கொடுத்து வாங்காமல் வாடகைக்குக் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். பழைய கருவியானால், வால்வை அழுத்தாமல் அதன் சிறு குழாயை முழுதும் கழற்றிவிடாமல் சற்று வெளியே இழுத்துவிட்டு, பிறகு வால்வை அழுத்திப் பாருங்கள். ‘டப்’ என்று சத்தம் வராவிட்டால் காற்று கசிகிறது, வாங்க வேண்டாம்.