போனை வாங்கினால் தரையில் புரள்கிறான், என்ன செய்வது டாக்டர்?

காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார்: "மகனுக்கு 5 வயது. போனை வாங்கினால் விழுந்து புரண்டு கத்துகிறான். வீட்டுக்காரருக்கு ஓசூரில் ஷிப்ட் வேலை. மாமியார் மனசு கேட்காமல் போனைக் கொடுத்துவிடுகிறார். அடித்தும் பார்த்துவிட்டேன்."

அடிப்பதை இன்றே விட்டுவிடுங்கள் அம்மா. அந்த நிமிஷத்துக்கு அவன் வாயை மூடுவான், ஆனால் கோபம் வந்தால் கையை ஓங்கலாம் என்பதைத்தான் உங்களிடமிருந்து கற்றுக்கொள்வான்.

பையன் கெட்டவன் இல்லை. கத்தினால் போன் வருகிறது, கொடுத்தால் வீடு அமைதியாகிறது, இப்படி இரண்டு பக்கமும் பழகிப்போய்விட்டது. அமெரிக்காவின் ஓரிகானில் ஜெரால்டு பேட்டர்சன் என்ற உளவியலாளர் தன் குழுவோடு வீடுகளுக்கே போய் உட்கார்ந்து கவனித்ததும் இந்தச் சுழலைத்தான். அதனால்தான் பயிற்சியை முதலில் பெற்றோருக்குக் கொடுக்கிறோம்.

அடுப்படியிலிருந்து கத்திச் சொல்லாதீர்கள். பக்கத்தில் போய் உட்கார்ந்து, முகத்தைப் பார்த்து, "இந்தப் பாட்டு முடிந்ததும் போனை என் கையில் கொடு" என்று ஒரே தடவை சொல்லுங்கள். கொடுத்தானா, உடனே தலையைத் தடவி "சொன்னதும் கொடுத்துட்டியே தங்கம்" என்று சொல்லுங்கள். வெறும் 'நல்ல பையன்' போதாது, எதற்காகப் பாராட்டுகிறோம் என்று அவனுக்குத் தெரியவேண்டும். புரண்டு அழுதால், தலை இடிக்காத இடமா என்று மட்டும் பார்த்துவிட்டு, நீங்கள் பாட்டுக்குக் கீரை ஆய்ந்துகொண்டிருங்கள். திட்டவும் வேண்டாம், திரும்பிப் பார்க்கவும் வேண்டாம். அழுகை நின்றதும் சாதாரணமாகப் பேசுங்கள்.

முதல் சில நாள் அழுகை கூடும், குறையாது. பல அம்மாக்கள் அங்கேதான் உடைந்துபோகிறார்கள், அன்றைக்குப் பார்த்துக் கொடுத்துவிட்டால் இன்னும் நேரம் கத்தினால் கிடைக்கும் என்று அவனுக்குப் பாடம் ஆகிவிடும். ஆகவே மாமியாரிடம் முன்கூட்டியே உட்கார்ந்து பேசுங்கள், பாராட்டுகிற வேலையை அவருக்கே கொடுங்கள், பேரனுக்கு அது இனிக்கும். அவர் சம்மதிக்கும்வரை தொடங்காதீர்கள்.

அவன் யாரையாவது அடித்தாலோ கடித்தாலோ கண்டுகொள்ளாமல் இருக்க முடியாது. வயதுக்கு ஒரு நிமிஷம், அதாவது 5 நிமிஷம், கண்ணில் படுகிற ஒரு மூலையில் உட்காரவையுங்கள். இருட்டறை, பூச்சாண்டி எதுவும் கூடாது.

பேச்சு சரியாக வரவில்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை, தன்னையே காயப்படுத்திக்கொள்கிறான் என்றால் கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவில் காட்டுங்கள். உங்களுக்கே மனசு தாங்காவிட்டால் அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்குக் கூப்பிடலாம், இலவசம்.

சரி, தொடங்குகிற நாளிலிருந்து எத்தனை நிமிஷம் அழுதான் என்று காலண்டர் தாளில் குறித்துவாருங்கள், பத்து நாள் கழித்து அதை எனக்குப் படம் எடுத்து அனுப்புங்கள்.