தரைவீட்டுக் கூரையில் எத்தனை கிலோவாட் சூரியத் தகடு போடலாம்?

கேள்வி: சிங்கப்பூர் சிராங்கூன் கார்டன்சில் இரண்டு மாடி வரிசை வீடு, ஓட்டுக் கூரை. 15 கிலோவாட் போடச் சொல்கிறார் தகடு பொருத்தித் தரும் குத்தகையாளர். கரிம வரி ஏறுகிறது, கரண்டு கட்டணமும் ஏறும், போடுவதைப் பெரிதாகவே போடுங்கள் என்கிறார். நானும் மனைவியும் பகலில் வேலைக்குப் போய்விடுவோம். சரிப்பட்டு வருமா?

பதில்: தாராளமாகப் போடுங்கள், ஆனால் 15 வேண்டாம். வீட்டில் பகல் 10 மணியிலிருந்து 4 மணி வரை எவ்வளவு கரண்டு ஓடுகிறது என்று முதலில் பாருங்கள். புது மீட்டர் மாட்டியிருந்தால் மின்சார நிறுவனமான எஸ்பியின் செயலியிலேயே அரைமணி வாரியாகத் தெரியும். ஒரு வாரக் கணக்கு போதும்.

காரணம் விலைதான். உங்கள் தகட்டிலிருந்து வரும் ஒரு யூனிட்டை வீட்டிலேயே செலவழித்தால் முழுக் கட்டணமும் மிச்சம். 2024, 2025ல் எஸ்பி கட்டணம் யூனிட்டுக்கு 27 காசிலிருந்து 30 காசு வரை இருந்தது, அதற்கு மேல் 9 விழுக்காடு ஜிஎஸ்டி. மிஞ்சியதை ஊர் மின்கட்டமைப்புக்கு அனுப்பினால் அதே கட்டணத்தில் கம்பிக் கட்டணத்தை, அதாவது கரண்டைக் கொண்டுவந்து சேர்க்கும் செலவை, கழித்துக்கொண்டுதான் பில்லில் வரவு வைப்பார்கள். வீட்டில் செலவாகும் யூனிட் 30 காசு என்றால், வெளியே போகும் யூனிட் ஏறத்தாழ 20 காசு. மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. பகலில் குளிர்சாதனப் பெட்டியும் வைஃபையும் மட்டும் ஓடும் வீட்டில் பெரும்பகுதி அந்த 20 காசுக்குத்தான் போகும். நட்டமில்லை, ஆனால் போட்ட பணம் திரும்ப ஆண்டுகள் கூடும். தொட்டி வைத்த வாட்டர் ஹீட்டருக்கு டைமர் போட்டு நண்பகலில் சூடாக்குங்கள். துணி துவைக்கும் இயந்திரத்தையும் அந்த நேரத்துக்கு மாற்றுங்கள். மின்கார் இருந்து, சனி ஞாயிறு பகலில் வீட்டில் நிற்குமானால், கணக்கே மாறிவிடும். அப்போது 10 கிலோவாட்டுக்கு மேல் யோசிக்கலாம்.

கரிம வரியைக் காட்டிப் பயமுறுத்துவதற்கும் ஒரு கணக்கு சொல்கிறேன். வெளியேற்றும் கரியமில வாயுவுக்கு வரி 2019ல் டன்னுக்கு 5 வெள்ளி, 2024ல் 25, 2026ல் 45. 2030க்குள் 50 முதல் 80 என்று அறிவித்திருக்கிறார்கள். வரி கட்டுவது மின்நிலையம் போன்ற பெரிய இடங்கள். அது கட்டணத்தில் கலந்து நம்மிடம் வருகிறது. இங்கே ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.4 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. 45 வெள்ளி என்றால் யூனிட்டுக்கு 1.8 காசு, 80 ஆனாலும் 3.2 காசு. எரிவாயு விலை ஏறி இறங்கும்போது அசைவது இதைவிட அதிகம். வரி உண்மைதான். ஆனால் 15 கிலோவாட்டுக்கு அது காரணமாகாது.

தகட்டுக் கணக்கு: இப்போது கிடைப்பவை 440 வாட் அளவில், ஒவ்வொன்றும் சுமார் 2 சதுர மீட்டர். 23 தகடு போட்டால் 10 கிலோவாட். ஓரம், நடக்கும் வழி எல்லாம் சேர்த்து 55, 60 சதுர மீட்டர் வேண்டும். நம் வெயிலுக்கு ஒரு கிலோவாட் ஆண்டுக்கு 1,150 யூனிட் தந்தால் நல்ல அமைப்பு. அதாவது 10 கிலோவாட் மாதம் 950 யூனிட் தரும், ஆண்டுக்கு நாலரை டன் கரியமில வாயு குறையும். 95 விழுக்காடு கரண்டு எரிவாயுவிலிருந்து வரும் ஊரில், நிலம் இல்லாமல் தெங்கே நீர்த்தேக்கத்தின் மேல் 1,22,000 தகடுகளை மிதக்கவிட்டிருக்கும் ஊரில், சும்மா கிடக்கும் கூரை பெரிய சொத்து. நண்பகலிலும் 10 முழுதாக வராது, 7 அல்லது 8 தான். தகடு 60 டிகிரிக்குச் சூடேறினாலே பத்தில் ஒரு பங்கு குறையும். அதனால் ஓட்டுக்கும் தகட்டுக்கும் இடையே காற்று போக ஒரு சாண் இடைவெளி கேளுங்கள். பூமத்திய ரேகை பக்கத்தில் இருப்பதால் திசை பெரிய விஷயமில்லை, கிழக்கு மேற்கு இரண்டு சரிவிலும் போடலாம். சரிவு 10 டிகிரியாவது இருந்தால் மழையே கழுவிவிடும். தட்டையாக வைத்தால் கீழ் விளிம்பில் அழுக்கும் பாசியும் கோடாகப் படியும்.

நிழல்தான் பெரிய எதிரி. தகடுகளை வரிசையாகக் கோத்திருப்பதால், தண்ணீர்த் தொட்டி நிழல் ஒரு தகட்டின் ஓரத்தில் விழுந்தாலும் அதன் மூன்றில் ஒரு பகுதி அணைந்துபோகலாம். நிழல் விழும் இடத்தை விட்டுவிடுவதே நல்லது. விட முடியாவிட்டால் அந்தத் தகடுகளுக்கு மட்டும் ஆப்டிமைசர் போடுங்கள், ஒரு தகட்டின் நிழல் மற்றவற்றைப் பாதிக்காமல் பார்த்துக்கொள்ளும் கருவி அது. பக்கத்து வீடு இன்னும் உயர அனுமதி இருக்கிறதா என்று நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் வரைபடத்தில் பாருங்கள். இரண்டு மாடி மூன்றானால் உங்கள் கூரையில் பாதி நாள் நிழல். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

ஓட்டுக் கூரையில் கொக்கியை ஓட்டுக்கு அடியிலிருந்து மரச்சட்டத்தில் திருக வேண்டும். ஓட்டில் துளை போட்டு சிலிகான் பூசினால் அடுத்த பருவமழையில் ஒழுகும். ஒரே தோற்றமாக இருந்தாலும் கேபிள்களை இணைக்கும் வெவ்வேறு கம்பெனிக் கனெக்டர்களை ஒன்றோடு ஒன்று செருக விடாதீர்கள். தொடர்பு தளர்ந்து சூடேறி உருகும், தீப்பிடிக்கும் முக்கிய இடங்களில் அதுவும் ஒன்று. கேபிள் ஓட்டின் மேல் கிடக்கக் கூடாது. இவ்வளவு இடி விழும் ஊரில் மின்னல் தடுப்பான் இல்லாத கொட்டேஷனை வாங்காதீர்கள். ஊர்க் கரண்டு போனால், தகட்டுக் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வர்ட்டரும் தானாக நின்றுவிடும், பேட்டரி இல்லாமல் தகடு மட்டும் வீட்டை ஓட்டாது.

கூரை தாங்குமா என்பதற்குக் கட்டமைப்புப் பொறியாளர் சான்று வேண்டும். எஸ்பியிடம் இணைப்புக்கு விண்ணப்பிப்பது உரிமம் பெற்ற மின்னியலாளர். 1 மெகாவாட்டுக்குக் கீழே மின் உற்பத்தி உரிமம் தேவையில்லை. மீட்டரை இரு வழி மீட்டராக மாற்றிய பிறகே இயக்குங்கள். எஸ்பியை விட்டுத் தனியார் மின் விற்பனையாளரிடம் விலைத் திட்டத்தில் இருக்கிறீர்களா? அப்படியென்றால் மிஞ்சிய கரண்டுக்கான வரவு விதி வேறு, கையெழுத்துப் போடும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

நீங்கள் சொன்ன நிலைமைக்கு 6 முதல் 8 கிலோவாட் போதும். அதே குத்தகையாளரிடம் அந்த அளவுக்கு, தொட்டி நிழலையும் சேர்த்து, மாத வாரியாக எத்தனை யூனிட் வரும் என்று எழுதி வாங்குங்கள்.