கணினி கேள்வி – பதில்: பிரிண்டரை எந்த ஸ்விட்சில் அணைக்கிறீர்கள்?

கேள்வி: இங்க் டேங்க் பிரிண்டர் வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. கோடை விடுமுறையில் ஒரு மாதம் தொடவில்லை. இப்போது எழுத்துகளின் நடுவே வெள்ளைக் கோடு விழுகிறது, கறுப்பு பாதிதான் வருகிறது. தொட்டியில் மை நிறைய இருக்கிறது. ஹெட் க்ளீனிங் ஏழெட்டு முறை கொடுத்தும் பலனில்லை. ஹெட்டையே மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றத்தான் வேண்டுமா? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: இப்போதைக்கு மாற்ற வேண்டாம். திரும்பத் திரும்ப க்ளீனிங் கொடுப்பதை முதலில் நிறுத்துங்கள். ஒவ்வொரு க்ளீனிங்கிலும் ஹெட் (தாளில் மையைத் தெளிக்கும் பாகம்) வழியாக மையை உறிஞ்சி, அடியில் இருக்கும் கழிவு மைப் பஞ்சுக்கு அனுப்புகிறது பிரிண்டர். விடாமல் உறிஞ்சினால் குழாயில் காற்றும் புகுந்துகொள்ளும். பஞ்சு நிறைந்துவிட்டால் பிரிண்டர் ஒரு தாள்கூட அடிக்காது. அது தனிச் செலவு.

நாஸில் செக் என்ற சோதனைத் தாளை எடுங்கள். நான்கு நிறத்திலும் படிக்கட்டு போலச் சின்னச் சின்னக் கோடுகள் வரும். எந்த நிறத்தில் எந்தப் படி விடுபட்டிருக்கிறது என்று பேனாவால் வட்டமிட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு க்ளீனிங் கொடுத்து இன்னொரு தாள் எடுத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விடுபட்ட இடம் தாளுக்குத் தாள் மாறினால் பெரும்பாலும் குழாயில் காற்று. அதே படியே திரும்பத் திரும்ப விடுபட்டால் மை காய்ந்திருக்கிறது. எதுவானாலும் மூன்று முறைக்கு மேல் போகாதீர்கள். பிரிண்டரை அணைத்து 12 மணி நேரம் விட்டுவிடுங்கள். அதற்குள் காற்றுக்குமிழி மேலே ஏறிவிடும், காய்ந்த மையும் இளகும். மறுநாள் காலை ஒரு க்ளீனிங்கிலேயே பல பிரிண்டர்கள் சரியாகிவிடுகின்றன.

அப்போதும் சரியாகவில்லை என்றால் பவர் க்ளீனிங் என்ற பலமான க்ளீனிங் ஒரே ஒரு முறை. அதற்கு முன் எல்லாத் தொட்டியிலும் மூன்றில் ஒரு பங்காவது மை இருக்க வேண்டும். இது நிறைய மை குடிக்கும். தொட்டியில் மை குறைவாக இருந்தால் குழாய்க்குள் காற்றை இழுத்துவிடும். இதையும் தாண்டி அதே படிகள் விடுபட்டால் ஹெட் மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம்.

ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். பிரிண்டரைச் சுவர் ஸ்விட்சில் அணைக்கிறீர்களா? பிரிண்டரின் சொந்தப் பொத்தானை அழுத்தினால்தான் ஹெட் ஓரத்துக்குப் போய் ரப்பர் மூடியின் மேல் உட்காரும். சத்தம் அடங்கி விளக்கு அணைந்த பிறகே சுவர் ஸ்விட்சுக்குக் கை போக வேண்டும். நேரே சுவரில் அணைத்தால் சில நேரம் ஹெட் நடுவழியில் மூடியில்லாமல் நின்றுவிடும். நம் ஊர் வெயிலில் சில நாட்களிலேயே மை காய்ந்துவிடும். வாரம் ஒரு வண்ணப் பக்கம் அடியுங்கள். விடுமுறைக்கு ஊருக்குப் போவதாக இருந்தாலும் அணைப்பது பொத்தானில்தான்.

கேள்வி: பிரிண்ட் கொடுத்தது பாதியில் நின்றுவிட்டது. ரத்து செய்தால் ‘டெலிட்டிங்’ என்று காட்டியபடியே இருக்கிறது, புதிதாக எதுவும் அச்சாகவில்லை. (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: பிரிண்டரில் கோளாறு இல்லை. விண்டோஸின் வரிசையில் ஒரு கோப்பு சிக்கிக்கொண்டு பின்னால் வருவதையெல்லாம் மறிக்கிறது. ஸ்டார்ட் மெனுவில் ‘சர்வீசஸ்’ என்று தேடித் திறந்து, அச்சு வரிசையைக் கவனிக்கும் பிரிண்ட் ஸ்பூலர் மேல் ரைட் க்ளிக் செய்து ‘ஸ்டாப்’ கொடுங்கள். சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, ஸ்பூல், பிரிண்டர்ஸ் என்று ஒவ்வொரு ஃபோல்டராக உள்ளே போங்கள். கடைசி ஃபோல்டருக்குள் இருக்கும் கோப்புகளை மட்டும் அழியுங்கள், ஃபோல்டரை அழிக்காதீர்கள். திரும்பவும் சர்வீசஸில் ‘ஸ்டார்ட்’. ஸ்பூலரை நிறுத்தாமல் அழிக்கப் பார்த்தால் கோப்பு பயன்பாட்டில் இருக்கிறது என்று விண்டோஸ் மறுத்துவிடும்.

கேள்வி: அப்பா இருபது வருடத்துக்கு முன் தட்டச்சு செய்த தமிழ்க் கட்டுரைகள் வேர்டில் இருக்கின்றன. புதுக் கணினியில் திறந்தால் தாறுமாறான ஆங்கில எழுத்தாகத் தெரிகிறது. வைரஸா? மீட்க முடியுமா? (வாசகி, மதுரை)

பதில்: வைரஸ் இல்லை, அப்பாவின் எழுத்து ஒன்றுகூடப் போகவில்லை. எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்து முறையான யுனிகோட் பரவும் முன் வந்த பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருந்தன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அடியில் இருக்கும் ஆங்கில எழுத்து வெளியே தெரிகிறது.

முதலில் எல்லாக் கோப்புகளையும் ஒரு பென் டிரைவில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பத்தியைத் தேர்ந்தெடுத்து வேர்டின் எழுத்துருப் பெட்டியைப் பாருங்கள். எழுத்துரு கணினியில் இல்லாவிட்டாலும் அதன் பெயரை வேர்டு அங்கே காட்டும். அந்தப் பெயரைக் குறித்துக்கொண்டு, எழுத்துருவைத் தேடி நிறுவினால் தமிழ் அப்படியே திரும்ப வரும். படிக்க மட்டும் என்றால் இது போதும். வாட்ஸ்அப்பில் அனுப்பவும் தேடவும் வேண்டுமானால் என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற ஒரு நிரலால் யுனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றும்போது எந்த எழுத்துரு என்பதைச் சரியாகச் சொல்ல வேண்டும். தவறினால் வேறு குழப்பம் வரும். கட்டுரையின் நடுவே உண்மையான ஆங்கிலச் சொற்கள் இருந்தால் கன்வர்ட்டர் அவற்றையும் தமிழாக்கி உளறலாக்கிவிடும். அந்த இடங்களை மூலத்தோடு ஒப்பிட்டுக் கையால் திருத்துங்கள். பொறுமை வேண்டிய வேலை, ஆனால் அப்பாவின் கட்டுரைகளுக்காக அவசியம் செய்யுங்கள்.

கேள்வி: தினமும் காலையில் டெஸ்க்டாப்பைப் போட்டால் தேதி பல வருடம் பின்னால் போயிருக்கிறது. இணையம் இருந்தும் வங்கித் தளம் ‘பாதுகாப்பற்றது’ என்கிறது. (வாசகர், ஈரோடு)

பதில்: மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 என்ற நாணய வடிவ 3 வோல்ட் பேட்டரி தீர்ந்துவிட்டது. மின்சாரம் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. உங்கள் கணினி பழைய தேதியில் நிற்பதால் இன்னும் தொடங்காத சான்றிதழ் என்று நினைத்துக்கொள்கிறது. பவர் வயரைப் பிடுங்கி, பவர் பொத்தானைப் பத்து விநாடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வெளியேற்றிவிட்டு, ப்ளஸ் குறி மேலே இருக்கும்படி புதிய பேட்டரியைப் போடுங்கள். வயரைப் பிடுங்கும் முன்பே பயாஸ் (விண்டோஸ் ஏறும் முன் இயங்கும் அடிப்படை நிரல்) அமைப்புகளை, முக்கியமாக டிஸ்க் இணையும் முறையைச் சொல்லும் சாட்டா மோட் என்ற இடத்தை, செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அது மாறிப்போனால் விண்டோஸ் ஏறாது. நேரம் சரியாக ஐந்தரை மணி மட்டும் வித்தியாசப்பட்டால் பேட்டரியைத் தொட வேண்டாம், டைம் ஸோன் அமைப்பைப் பாருங்கள்.

கேள்வி: விண்டோஸ் 10 முடிந்துவிட்டதால் கணினியை மாற்றச் சொல்கிறார்கள். (வாசகர், நெய்வேலி)

பதில்: 2025 அக்டோபர் 14 அன்று வழக்கமான ஆதரவு முடிந்தது. கணினி ஓடும், பாதுகாப்பு ஓட்டைகளுக்கு இலவசமாக வந்துகொண்டிருந்த அடைப்புதான் வழக்கம்போல வராது. வாங்கும் முன் ஒன்று பாருங்கள். விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி பல கணினிகளில் இருந்தும் பயாஸில் அணைந்து கிடக்கிறது. இன்டெல் என்றால் பிடிடி, ஏஎம்டி என்றால் எஃப்டிபிஎம் என்ற பெயரில் இருக்கும். இயக்கிவிட்டு, மைக்ரோசாஃப்டின் ‘பிசி ஹெல்த் செக்’ நிரலை ஓட்டிப் பாருங்கள். ப்ராசஸரே பழையது என்று அது சொன்னால் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை ஒரு பென் டிரைவில் ஏற்றி, ஹார்டு டிஸ்க்கில் நிறுவாமலே இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள். வைஃபை, பிரிண்டர், ஒலி மூன்றும் அதில் வேலை செய்தால் பழைய கணினியை வைத்துக்கொள்ளலாம்.